தண்டவாளம் இல்லாத பாதையில் ஒரு காய்ச்சல் காலை

செந்தோசாவின் தஞ்சோங் கடற்கரையில் காலை ஏழு மணிக்குக் கடல் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அன்று எனக்குப் பற்கள் கிடுகிடுத்தன. அப்போதே வீடு திரும்பியிருக்க வேண்டும்.

நாங்கள் நான்கு பேர். தஞ்சோங் பகாரில் ஒரே கட்டடத்தில் வேலை. மதிய நேரத்தில் தஞ்சோங் பகார் பிளாசா உணவங்காடி நிலையத்தில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டே போட்ட திட்டம் இது. டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிப்பது. அதைத் தார்ச் சாலையில் செய்யாமல் மண்ணிலும் கல்லிலும் மலையிலும் செய்வது இன்னொரு வகை. 1996ல் ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா போட்டிதான் அதைப் பிரபலமாக்கியது. வழக்கமாக ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், முப்பது கிலோமீட்டருக்கு முன்பின்னாக மலைச் சைக்கிள், பத்து கிலோமீட்டர் காட்டு ஓட்டம். எங்களுக்கு அதில் பாதி போதும் என்று முடிவானது. செந்தோசாவில் நீச்சல், ஸ்பூனர் சாலையிலிருந்து ரயில் காரிடார் வழியே சைக்கிள், கடைசியில் புக்கிட் தீமா குன்று உச்சிக்கு ஓட்டம். பதக்கமும் இல்லை, கட்டணமும் இல்லை. தோற்பவர் புரோட்டா வாங்கித் தர வேண்டும்.

ரயில் காரிடாரைச் சேர்க்கச் சொன்னது நான்தான். என் தாத்தா மலாயா ரயில்வேயில் பாதை பராமரிக்கும் கூலிக் குழுவில் இருந்தவர். சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தின்மேல் நடந்தே வாழ்க்கையைக் கழித்தவர். “ஒருநாள்கூட வேலைக்குப் போகாம இருந்ததில்ல” என்று ஆச்சி சொல்லிச் சொல்லி வளர்ந்தேன். அவர் நடந்த பாதையைக் கடப்பது எனக்கு வெறும் உடற்பயிற்சி இல்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் காத்திருப்பதாகச் சொன்னார்.

முதல் நாள் இரவே தொண்டை கரகரத்தது. காலை ஐந்தரைக்கு அம்மா நெற்றியில் கை வைத்து, “சுடுதே” என்றார். “போர்வைக்குள்ள இருந்தேன், அதான்” என்று சொல்லிவிட்டு, சமையலறையில் இரண்டு பானடோலை விழுங்கினேன். அப்பா கிளம்பும் உற்சாகத்தில் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குப் பழைய தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முன் கூடினோம். 1932 மே மாதம் திறக்கப்பட்ட கட்டடம். முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். கடைசி ரயில் இங்கிருந்து புறப்பட்டது 2011 ஜூன் 30 இரவு. ஜோகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். அந்த இரவு கூட்டத்தில் நானும் நின்றேன். அப்பா அழுததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

நீச்சலை எப்படி முடித்தேன் என்று தெளிவாக நினைவில்லை. கரையேறியபோது காதுகள் இரண்டும் அடைத்திருந்தன. கடல்நீர் என்று நினைத்துத் தலையைச் சாய்த்துக் குதித்தேன். நீர் வந்தது, அடைப்பு போகவில்லை.

ஸ்பூனர் சாலையில் பாதை தொடங்கும் இடத்தருகே கெமுனிங், மெலாத்தி என்று இரண்டு புளோக்குகள். கேடிஎம் ஊழியர்களின் குடியிருப்பாக இருந்தவை. அதைத் தாண்டியதும் நகரம் சட்டென்று விலகிவிடுகிறது. இருபுறமும் மரங்கள், கீழே புல்லும் சரளையும். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை 24 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையில், தண்டவாளங்களைப் பெரும்பாலும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது. ஆரோக்கியமாக இருப்பவருக்குச் சிரமமே இல்லாத வழி. எனக்கோ ஒவ்வொரு மிதியும் மணல் மூட்டையைத் தள்ளுவதுபோல இருந்தது. வெயில் ஏற ஏற வியர்க்க வேண்டிய உடம்பில் மயிர்க்கூச்செறிந்தது.

புக்கிட் மேரா வட்டாரத்தைக் கடக்கையில் ஒரு பழைய கதை மனத்தில் ஓடியது. வாள்மீன்கள் கடலிலிருந்து பாய்ந்து ஆட்களைக் குத்திக் கொன்றபோது, கரையோரம் வாழைத்தண்டுகளால் வேலி போடலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொன்னான். மீன்களின் மூக்கு தண்டில் குத்திச் சிக்கிக்கொண்டன. ஊர் பிழைத்தது. இத்தனை அறிவுள்ளவன் நாளை ஆபத்தாவான் என்று ராஜாவிடம் ஓதினார்கள், சிறுவனைக் கொன்றார்கள். அவன் ரத்தத்தால் குன்று சிவந்தது என்பார்கள். புக்கிட் மேரா என்றால் செங்குன்று. தஞ்சோங் பகார் என்றால் வேலியிட்ட முனை. அந்த வாழைத்தண்டு வேலிதான் பெயருக்குக் காரணம் என்பது கதை, மீன்பிடிக்க நட்ட கம்புகள் என்பது இன்னொரு விளக்கம். புத்தி சொன்னவர் பேச்சு எடுபடாத இடங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. அம்மாவின் கை நெற்றியில் பட்டதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

குவீன்ஸ்வே பக்கம் வந்ததும் ஒரு கும்பிடு போட்டேன். 1932ல் ரயில்வே தொழிலாளர்கள் இங்கே வைத்து வழிபட்ட முனீஸ்வரன்தான் இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக எழுந்திருக்கிறார். தாத்தா வேலைக்குப் போகும்முன் சூடம் ஏற்றிய சாமி. ‘தாத்தா ஒருநாள்கூட நின்றதில்லை’ என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். நண்பர்கள் மூவரும் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டிருந்தார்கள்.

ஹாலந்து சாலைப் பக்கம் அது நடந்தது. பின்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டே வேகமாக வந்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. தலை சுற்றி, சைக்கிள் தன்போக்கில் வலப்பக்கம் சாய்ந்தது. அவர் பிரேக்கை இறுக்கிப் புல்லில் இறங்கினார். அங்கே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தும்பியைத் துரத்திக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்கும் அவளுக்கும் இடையே ஒரு கை அகலம்தான். அவளுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். திட்டியிருக்கலாம்.

மீதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். புக்கிட் தீமா ரயில் நிலையம் சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். ஒற்றைத் தடப் பாதை என்பதால் எதிரெதிர் ரயில்கள் மோதாமல் இருக்க, ஓட்டுநரும் நிலைய ஊழியரும் சாவி வளையத்தைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் இங்கே கடைசிவரை இருந்தது. 2022ல் புதுப்பித்துத் திறந்தார்கள். கொஞ்சம் தண்டவாளத்தை நினைவுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் அப்பா பிளாஸ்க்கோடு நின்றார்.

என்னைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

“காய்ச்சலோடயா வந்தே?”

“தாத்தா ஒருநாளும் லீவு போட்டதில்லையே, ப்பா.”

“அது உங்க ஆச்சி சொன்ன கதைடா. காய்ச்சல் வந்தா அவர் லைன்ல கால் வைக்க மாட்டார். மண்டோரே வீட்டுக்கு அனுப்பிடுவார். காய்ச்சல்ல காது அடைச்சுக்கும், பின்னால வர்ற ரயில் கேட்காது. நீ மட்டுமா சாவே? உன்னை இழுக்க வர்றவனும் சேர்ந்து சாவான்.”

சிறுமியைப் பற்றி அப்பாவிடம் சொல்லவில்லை. இஞ்சி டீயை ஊற்றிக் கொடுத்தார். பாதி குடித்து, அங்கேயே வாந்தி எடுத்தேன்.

மருந்தகத்தில் 38.9 டிகிரி. நம் ஊரில் காய்ச்சல் என்றாலே முதலில் டெங்கிச் சந்தேகம்தான். 2020ல் மட்டும் 35,000 பேருக்குமேல் அது வந்தது. ரத்தப் பரிசோதனையில் டெங்கி இல்லை, சளிக்காய்ச்சல் என்றார் மருத்துவர். டெங்கி இல்லையென்று தெரியும்வரை ஐபுபுரோஃபென் வகை வலிநிவாரணி எதையும் தொடக்கூடாதாம், ரத்தக்கசிவு ஆபத்து. லேசான மூக்கடைப்பு மட்டுமென்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சு இருமல் என்றால் பயிற்சியே வேண்டாம். வைரஸ் சில வேளை இதயத் தசையையே வீங்கவைக்கும். அந்த நேரத்தில் உடம்பை வருத்தினால், இளைஞர்களுக்கும் இதயத்துடிப்பு தடுமாறி நின்றுபோகலாம். பானடோல் சூட்டைக் குறைக்குமே தவிர நோயைக் குறைக்காது என்றும் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நண்பர்கள் 163 மீட்டர் உச்சியிலிருந்து படம் அனுப்பினார்கள். புரோட்டா செலவு என் தலையில். மூன்று பேரும் சேர்ந்து பதினொன்று சாப்பிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை அப்பா தானாகவே, “ஸ்பூனர் ரோட்லேர்ந்து நடப்போமா?” என்றார். நடந்தோம். எங்கே மதகு இருந்தது, எங்கே சிக்னல் கம்பம் இருந்தது என்று காட்டிக்கொண்டே வந்தார். பின்னால் சைக்கிள் மணி கேட்கும் ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்தி, என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். மணி எனக்கும் கேட்டது. சொல்லவில்லை.