குளிச்ச தண்ணிதானேன்னு...

சொகுசுக் கப்பல்னா எல்லாரும் நீச்சல் குளம், சாப்பாடுன்னு எழுதறாங்க. எனக்கென்னவோ கண்ணு கக்கூஸ் மேலதான் போகுது :-) சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க அப்புறமா வாங்க.

முதல்ல நல்ல தண்ணி. எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி 80 டிகிரி சூட்டுல சும்மாதானே போகுது, அதை வச்சே கடல் தண்ணியைக் கொதிக்க விடறாங்க. 80ல எப்படிக் கொதிக்கும்? மூடின கலத்துக்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சி எடுத்துட்டா 50 டிகிரி கூட வேண்டாம். மலை மேல சோறு சரியா வேகாதில்ல, அதே கதைதான். ஆவியைக் குளிர வச்சா நல்ல தண்ணி. நம்ம வீட்டு ஆர்.ஓ. மாதிரி பெரிசாவும் வச்சிருப்பாங்க. அப்புறம் தாது உப்பும் குளோரினும் சேர்த்துக் குழாய்க்கு விடுவாங்க.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த தண்ணியைக் கக்கூஸ்ல வாளி வாளியா ஊத்த முடியுமா? அங்கேயும் காத்தை உறிஞ்சற வித்தைதான். விமானத்துல மாதிரி 'சர்ர்'னு இழுத்துக்கும், ஒரு லிட்டர் போதும்.

இழுத்தது எங்க போகுது? மார்போல்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம். அதோட நாலாவது பின்னிணைப்பு 2003ல அமலுக்கு வந்தது. அதன்படி, அரைச்சு கிருமி நீக்கின கழிவைக் கரையிலேர்ந்து 3 கடல் மைலுக்கு அப்பால விடலாம். 12 கடல் மைல் தாண்டிட்டா, தேக்கி வச்ச மலக்கழிவை அப்படியே கொஞ்சம் கொஞ்சமா விடலாம். கப்பல் மணிக்கு 4 கடல் மைல் வேகத்துலயாவது போய்க்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான். (உவ்வே!) பால்டிக் கடல்ல மட்டும் பயணிகள் கப்பலுக்குக் கெடுபிடி அதிகம்.

ஆனா என்னைத் தூக்கிவாரிப் போட்டது இது இல்லை. குளிச்ச தண்ணி, சமையல்கட்டுத் தண்ணி, துணி துவைச்ச தண்ணி... இதையெல்லாம் அந்தப் பின்னிணைப்பு கண்டுக்கவே இல்லை. சோப்புத் தண்ணிதானே, என்ன ஆயிடும்னு நாமளும் நினைப்போம். 2000ல அலாஸ்காவுக்கு வந்த கப்பல்கள்லேர்ந்து இந்தத் தண்ணியை எடுத்துச் சோதிச்சாங்க. மலத்துல இருக்கற கிருமி இதுலயும் எக்கச்சக்கம்! கக்கூஸ் தண்ணியோட போட்டி போடற அளவுக்கு. சுத்திகரிச்சதுன்னு சொன்ன கழிவும் பல கப்பல்ல தேறலைங்கறது தனிக் கூத்து.

அந்த டிசம்பர்லயே அமெரிக்கா அலாஸ்காவுக்குன்னு தனிச் சட்டம் போட்டுச்சு. அடுத்த வருஷம் மாநிலமும் ஒண்ணு போட்டுச்சு. அப்புறம்தான் பாக்டீரியாவை விட்டு அழுக்கைத் தின்ன வச்சு, மெல்லிய சவ்வுல வடிகட்டி, புற ஊதா ஒளியும் காட்டற இயந்திரங்களை அங்க போற கப்பல்கள்ல மளமளன்னு மாட்ட ஆரம்பிச்சாங்க.

அப்போ வழி தெரியாம இல்லை. கேட்டாங்க, மாட்டினாங்க. யாரும் கேக்காத கடல்ல குளிச்ச தண்ணியை அப்படியே திறந்து விட்டா, அந்தப் பின்னிணைப்பு இன்னிக்கும் குறுக்க நிக்காது.