தூக்கம் தீர்க்காத களைப்பு

நுழையும்முன்

உழைத்த களைப்பு உறங்கினால் தீரும். உறங்கியும் தீராத களைப்பு ஒன்று உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அந்நோயோடு வாழ்பவர்கள், மருந்துக்கும் முன்பாகத் தேடியது தம் சொல்லை நம்பும் ஒருவரை. அவரை அவர்கள் எங்கே கண்டார்கள் என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளியில் தொடங்கும் மலைச்சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேல் ஏறுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ள செம்மேடு, அம்மலையின் வாழவந்தி நாட்டில் உள்ளது. சிற்றூர்கள் பல சேர்ந்த பகுதியை இங்கு 'நாடு' என்றே வழங்குகின்றனர். சாலையும் பேருந்தும் வருவதற்கு முன்னர், மலையின் விளைபொருள்கள் தலைச்சுமையாகவே கால்வழிகளில் இறங்கின. அரைவை இயந்திரம் வருமுன் சாமையைக் குத்தி அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது. உரலில் விழும் உலக்கையின் ஓசையோடு விடிந்து, விறகுச் சுமையோடு முடியும் நாள் அது.

அந்நாளின் முடிவில் வரும் களைப்பில் ஒரு நியாயம் இருந்தது. செய்த வேலையின் அளவுக்கு அது வந்தது. பாயில் சாய்ந்தவுடன் கரையத் தொடங்கியது. சேவல் கூவும்போது உடம்பு மறுபடியும் உடைமையாளரிடமே திரும்பி வந்தது. களைப்பு என்றவுடன் மலையிலும் சமவெளியிலும் மனிதர்கள் எண்ணுவது இதைத்தான். அதனால்தான் மற்றொரு களைப்பைப் பற்றிச் சொன்னால் அவர்களுக்கு விளங்குவதில்லை.

வாழவந்தி நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பள்ளிக்கு நடந்துவரும் மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒரு காய்ச்சல் வருகிறது. ஒரு வாரத்தில் போகிறது. ஆனால் அவள் எழவில்லை. பத்து மணிநேரம் உறங்கியும் உறங்காதவள்போலவே கண்விழிக்கிறாள். நின்றால் தலை சுற்றுகிறது. படித்த வரி மனத்தில் நிற்பதில்லை. பழகிய சொல் நாவுக்கு வர மறுக்கிறது. சற்றுத் தெளிந்த ஒரு நாளில் பள்ளிக்குப் போய்வருகிறாள். அன்று ஒன்றும் ஆவதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அந்த ஒரு நடைக்கு ஈடாகப் பத்து நாள்கள் படுக்கையில் கழிகின்றன. "என்னாச்சு கண்ணு?" என்று கேட்ட தாய், ஒரு மாதம் கழித்துக் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். "இந்த வயசுல என்ன அசதி? எந்திரிச்சு நாலு வேலை செஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் சொல்வது அன்பினால்தான். வாழ்நாள் முழுவதும் அவரறிந்த களைப்புக்கு அதுவே சரியான மருந்தாக இருந்தது.

இந்நோய்க்கு மருத்துவ உலகம் இட்டுள்ள பெயர் நாட்பட்ட களைப்பு நோய். ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, புத்துணர்வு தராத உறக்கம், சிறு உழைப்புக்குப் பின் ஓரிரு நாள் கழித்து வந்து தாக்கும் பெருந்தளர்ச்சி ஆகியவை அதன் முதன்மை அடையாளங்கள். மூன்றாவதே இதனைப் பிற சோர்வுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது. இதை உறுதிசெய்யும் குருதிச் சோதனை இன்றுவரை இல்லை. முற்றிலும் நீக்கும் மருந்தும் இல்லை. சோர்வெல்லாம் இந்நோயும் ஆகாது. 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். தைராய்டுக் குறை, காசநோய், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவையும் ஆளை இப்படிச் சாய்க்கும். இவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே சோர்ந்து கிடப்பவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இவற்றைச் சோதிப்பதே முறை. எல்லாச் சோதனைகளும் 'குறையில்லை' என்று வந்த பிறகும் ஒருவர் எழ முடியாமல் கிடந்தால் என்ன செய்வது? தாளில் குறையில்லை என்பதால் உடம்பிலும் குறையில்லை என்று முடிவு செய்துவிடுவதில்தான் இந்நோயாளரின் துன்பக்கதை தொடங்குகிறது.

நம்ப மறுத்த காலம்

1955ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலண்டன் மாநகரின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் நோயுற்றனர். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. நவம்பருக்குள் நோயுற்ற பணியாளர்களின் எண்ணிக்கை 292. வியப்பு என்னவெனில், அங்கே படுக்கையிலிருந்த நோயாளிகளுள் மிகச் சிலரையே அது தொட்டது. பிணி தீர்ப்போரே பிணியாளராயினர். தசைவலி, தலைவலி, தளர்ச்சி, நினைவுத் தடுமாற்றம் எனப் பலவாறு அது வெளிப்பட்டது. பலர் தேறினர், சிலர் தேறவேயில்லை. மறு ஆண்டு ஆங்கில மருத்துவ இதழொன்று இதற்குத் தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி என்னும் பொருள்படப் பெயர் சூட்டியது.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1970இல் உளநல மருத்துவர் இருவர் அப்பழைய மருத்துவக் குறிப்பேடுகளைப் படித்து, அது நோயன்று, கூட்டமாக எழுந்த மனப்பதற்றமே என்று எழுதினர். நோயுற்றவர் ஒருவரையும் அவர்கள் நேரில் சோதிக்கவில்லை. பாதிக்கப்பட்டோருள் பெண்கள் மிகுதி என்பதையும் தம் கூற்றுக்குச் சான்றாகக் காட்டினர்! அக்கூற்று எளிதில் பரவியது. செவிலியராக ஊருக்கு உழைத்தவர்கள் தம் உடம்பைப் பற்றிச் சொன்னபோது, அவர்கள் சொல்லுக்கு மதிப்பில்லாமற் போயிற்று.

1988இல் அமெரிக்க அறிஞர்கள் சூட்டிய 'நாட்பட்ட களைப்பு' என்னும் பெயரும் நோயாளருக்கு நன்மை செய்யவில்லை. காசநோய்க்கு 'நீண்டநாள் இருமல்' என்று பெயரிட்டிருந்தால் அதை யார் அஞ்சியிருப்பர்? பெயரைக் கேட்டவர் ஒவ்வொருவரும் "எனக்கும்தான் களைப்பாக இருக்கிறது" என்று கூறி நகர்ந்தனர்.

எனக்கும் அப்படித்தான்

அதே சொற்கள் இன்னொருவர் வாயில் வேறு பொருள் பெறும். இரண்டு நாள் கழித்து வந்து வீழ்த்தும் தளர்ச்சியைத் தானும் அறிந்த ஒருவர் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்லும்போது, கேட்பவர் முதன்முறையாகத் தனியர் அல்லர் ஆகிறார். இங்கிலாந்தில் நோயாளர்கள் 1976இல் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் அந்நோயாளரைத் தொடக்கம் முதலே கண்டு, இறுதிவரை அவர்களை நம்பிய மருத்துவர் மெல்வின் ராம்சே அதன் தலைவராக விளங்கினார். மருத்துவரிடம் மருந்தில்லாத காலத்தில், கூட்டத்துக்கு வர வலுவில்லாத உறுப்பினர்களைக் கடிதமும் செய்திமடலும் தொலைபேசியும் இணைத்தன.

இப்படிக் கூடியவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்த பாடங்களுள் தலையாயது, வலுவை அளந்து செலவிடும் முறை. சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும் குடும்பத்தலைவி கையிலுள்ள தொகையை எண்ணி, உப்புக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு எனப் பிரிப்பதுபோல, நோயாளர் அன்றைய வலுவைப் பிரிக்கின்றனர். குளித்தால் சமைப்பதில்லை, பேசினால் படிப்பதில்லை. சற்று நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடத் துடிப்பதே பெருங்கேடு என்பதை அவர்கள் பட்டறிந்து பிறருக்கு உரைத்தனர்.

தமிழகத்தின் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கற்கள் இன்றும் நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பர். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது மரபு. இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் பிறர் துணை வேண்டாதபடி, தலையின் உயரத்திலேயே அக்கல் அமைந்திருக்கும். சுமப்பவர் வலு தீர்ந்து விழும்வரை நடப்பதில்லை. நடக்க வலு மிச்சமிருக்கும்போதே நின்றுவிடுகிறார். நோயாளர் கண்டறிந்த முறையும் அதுவே.

மருத்துவம் இதை ஏற்றுக்கொள்ள நெடுநாள் பிடித்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் நோயாளர் தேறுவர் என்று 2011இல் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆய்வு அறிவித்தது. அப்பயிற்சியால் தாம் மேலும் வீழ்ந்ததாக நோயாளர் பலர் முறையிட்டனர். ஆஸ்திரேலியாவில் இருந்த நோயாளர் ஒருவர், நம் நாட்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைப் போன்ற பிரித்தானியச் சட்டத்தின்கீழ் அவ்வாய்வின் மூலத் தரவுகளைக் கேட்டு விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. விடவில்லை. 2016இல் தீர்ப்பாயம் தரவுகளை வெளியிட ஆணையிட்டது. ஆய்வாளர்கள் தொடக்கத்தில் வகுத்த அளவுகோலாலேயே மறுபடி கணக்கிட்டபோது, நலமடைந்தோர் தொகை பெரிதும் சுருங்கியது. 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நெறிகளிலிருந்து அப்பயிற்சி நீக்கப்பட்டது. இதற்கிடையே 2015இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் குழுவும் இது உடலைப் பல நிலைகளிலும் தாக்கும் கடுமையான நோய் என்று உறுதிகூறிற்று.

போராட்டம் நடத்தவும் உடம்பில் வலு வேண்டும். அது இல்லாதவர்கள் 2016 மே மாதம் ஒரு வழி கண்டனர். அமெரிக்கத் தலைநகர் முதலிய பல நகரங்களில், வர இயலாத நோயாளர்களின் காலணிகள் பொதுவெளியில் வரிசையாக வைக்கப்பட்டன. பரதனுக்கு இராமனின் பாதுகை எதைச் சொல்லிற்றோ, அதையே அவையும் சொல்லின: இவற்றுக்கு உரியவர் இங்கு இல்லை, ஆனால் இருக்கிறார்.

குதிரையும் ஓட்டக்காரரும்

அமெரிக்க எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்ட் 1987இல், தம் பத்தொன்பதாம் வயதில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது இந்நோயில் வீழ்ந்தார். படிப்பு நின்றது. இது உள்ளத்தின் நோய் என்றனர் சிலர். இறுதியில் ஒரு மருத்துவர், நோய் உண்மையானது, ஆனால் தம்மிடம் மருந்து இல்லை என்றார். அந்தப் பாதி ஆறுதலையே பற்றிக்கொண்டு ஹில்லன்பிராண்ட் எழுதத் தொடங்கினார். தலைசுற்றலால் தாளைப் பார்க்க முடியாத வேளைகளில் படுத்தபடியே கண்மூடி எழுதினார். 'சீபிஸ்கட்' என்னும் பந்தயக் குதிரையின் வரலாறாக 2001இல் வெளிவந்த அந்நூல் பெரும்புகழ் பெற்றது. அறையைவிட்டு வெளிவர இயலாதவர் நாடறிந்த ஓட்டத்தைப் பற்றி எழுதினார் என்பதை எண்ணினால் உள்ளம் கனக்கிறது.

அவருடைய அடுத்த நூலின் தலைவர் லூயி சாம்பெரினி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடியவர். போர்க்காலத்தில் பசிபிக் கடலில் வானூர்தி வீழ்ந்து, 47 நாள்கள் மிதவையில் தத்தளித்துப் பின்னர்ச் சிறைப்பட்டவர். ஆண்டுக்கணக்கில் இருவரும் தொலைபேசியிலேயே பேசினர். தம்மை வினவும் பெண் படுக்கையிலிருந்து வினவுகிறார் என்பதைப் பின்னர் ஒரு கட்டுரையால் அறிந்த சாம்பெரினி, போரில் காயமுற்றோர்க்கு அளிக்கப்படும் தம் பதக்கங்களுள் ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தார். அந்நோயை அவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் தாங்குதல் இன்னதென அறிந்தவர்.

மலைக்குத் திரும்பினால்

இவையெல்லாம் கடல்கடந்த கதைகள் அல்ல. 2006இல் தமிழகத்தைச் சிக்குன்குன்யா வாட்டியது. வளைந்து ஒடுங்கிப்போதலைக் குறிக்கும் கிழக்கு ஆப்பிரிக்க மொழிச்சொல்லே அந்நோயின் பெயராயிற்று. காய்ச்சல் தணிந்த பின்னும் மாதக்கணக்கில் மூட்டுவலியோடும் அயர்வோடும் நடமாடியவர்களைத் தமிழகத்தின் ஊர்கள் கண்டிருக்கின்றன. 2020இல் கொரோனா வந்தபோது, தேறியதாகக் கணக்கெழுதப்பட்ட பலர் தேறவில்லை. 'நீண்ட கோவிட்' என்னும் பெயரை உலகுக்குத் தந்தவர் அவ்வாறு தேறாத இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் ஒருவரே. மருத்துவர் பெயரிடுமுன் நோயாளர் பெயரிட்டார்.

ஒன்றுகூடிப் பேசும் வழக்கமும் இம்மலைக்குப் புதிதன்று. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கி, கொல்லிமலை அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் விரைவில் வந்தன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக அமர்ந்து கடனையும் தவணையையும் பேசும் அவ்விடத்தில், ஒருத்தி தன் உடம்பைப் பற்றியும் வாய்திறக்கலாம். எதிரில் இருப்பவருள் ஒருத்தி தலைநிமிர்ந்து பார்த்தால் போதும்.

கற்பனையில் கண்ட அம்மாணவியின் வீட்டுக்கு வகுப்புத் தோழி ஒருத்தி வருவதாகக் கொள்வோம். வராத நாள்களின் பாடக்குறிப்பைக் கொண்டுவந்திருக்கிறாள். உரக்கப் பேசாமல், விளக்கொளியைத் தணித்து, படுத்திருப்பவள் கேட்கும்படி வாசிக்கிறாள். இருபது நிமிடம் ஆனதும் ஏட்டை மூடிவிடுகிறாள். "இன்னும் கொஞ்சம் படி" என்கிறாள் படுத்திருப்பவள். "நாளன்னிக்கு வர்றேன். அன்னிக்கு நீ எப்படி இருக்கேன்னு பார்த்துட்டு மிச்சத்தைப் படிக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுகிறாள் தோழி.