அம்பாசடருக்குக் கொக்கி மாட்டலாமா?

மதுராந்தகம் பக்கத்திலிருந்து மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளுக்கு மாசம் ஒரு தடவை அரிசி கொண்டுபோய்க் கொடுக்கிறோம்னு முன்னாடியே எழுதியிருக்கேன். சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா ரெண்டும் சேர்ந்து 400 கிலோ வரும். குட்டியானைக்கு வாடகை கொடுத்தது போக கையில நிக்கிறது கொஞ்சம்தான்.

மாமனார் வீடு கோட்டூர்புரத்துல. அங்க ஒரு 1998 மாடல் அம்பாசடர் நிக்குது, 1800 சிசி இசுசு எஞ்சின். மாமாவுக்குக் கண் பார்வை மங்கினதுலேர்ந்து அவர் வண்டி எடுக்கிறதில்ல. மச்சானுக்கு அதைப் புதுப்பேட்டையில எடைக்குப் போட்டுடணும்னு எண்ணம். ஒருநாள் மாமா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு: "மாப்ளே, பின்னாடி ஒரு கொக்கி மாட்டி, சின்ன டிரெய்லர் கட்டி அரிசி ஏத்திக்கயேன். வண்டிக்கு வேலைன்னு ஒண்ணு இருந்தா யாரும் விக்கச் சொல்ல மாட்டாங்க."

அவர் கேட்டது கொக்கி இல்லைன்னு எனக்குப் புரிஞ்சுது. அதனால சட்டுனு முடியாதுன்னு சொல்ல மனசு வரல. ராயப்பேட்டையில அம்பாசடர் வேலையிலயே ஊறின ஒரு பாயோட ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

பாய் ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு அடியில படுத்தாரு. டிராக்டர்ல கொக்கி நேரா எஞ்சின், கியர் பெட்டியோட கனத்த இரும்புல உட்காருது. லாரிக்கும் ஜீப்புக்கும் தனியா சேசிஸ் உண்டு. அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரோட வாரிசு. இதுக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. அதனால பம்பர்ல கொக்கி மாட்டினா பம்பர்தான் கையோட வரும். டிக்கிக்கு அடியில ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி மடிச்ச தகடு ஓடுது. அது ரெண்டையும் சேர்த்து ஒரு இரும்புப் பட்டம் கொடுத்து, உள்பக்கம் தடிமனான பிளேட் வெச்சு போல்ட்டு போட்டாத்தான் இழுவையைத் தாங்கும்.

அந்தப் பெட்டித் தகட்டை பாய் ஸ்க்ரூடிரைவரால குத்தினாரு. பொத்துக்கிட்டு உள்ள போச்சு.

"வெளிய பெயிண்ட் பளபளன்னு கீது சார். உள்ள அப்பளம்."

2015 டிசம்பர்ல அடையாறு பெருகி கோட்டூர்புரத்துக்குள்ள வந்தப்போ இந்த வண்டி சீட்டு மட்டத்துக்குத் தண்ணியில நின்னுது. அப்புறம் எஞ்சினைக் கழுவினாங்க, சீட்டை மாத்தினாங்க. பெட்டித் தகட்டுக்குள்ள போன சேத்தை யாரும் பார்க்கல. கடல் காத்து வேற பக்கத்துலயே. துரு உள்ளேயிருந்தே தின்னிருக்கு.

தகடு நல்லா இருந்தாலும் பாரக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. மாட்டுவண்டி ஓட்டினவங்களுக்கு இது புதுசில்ல. முன்பாரம் ஏறினா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் ஏறினா நுகத்தடி மேல தூக்கும். டிரெய்லருக்கும் இதே கதைதான். மொத்த எடையில பத்துல ஒரு பங்குக்குள்ள கொக்கி மேல இறங்கணும். அதுக்கு மேல போனா காரோட மூக்கு தூக்கிக்கும், ஸ்டியரிங் லேசாயிடும். பாரம் பின்னால தள்ளிப்போனா வேகத்துல டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டுல லாரிக்கு நடுவுல அது நெளிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் பிரேக். பிரிட்டன்ல தனி பிரேக் இல்லாத டிரெய்லர் காரோட எடையில பாதியைத் தாண்டக் கூடாது, 750 கிலோவையும் தாண்டக் கூடாது. அம்பாசடர் 1,100 கிலோ சொச்சம். 400 கிலோ அரிசியோட டிரெய்லர் எடையையும் கூட்டினா அந்தப் பாதியை உரசிக்கிட்டு நிக்கும். அதுவும் புது வண்டிக்குப் போட்ட கணக்கு.

சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல டிரெய்லர் தனி வண்டி, அதுக்குத் தனியா பதிவு வேணும். 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி. புக்குல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தவும் கூடாது. வெல்டிங் பட்டறையில ஒரு நாள்ல செஞ்சு கொடுத்துடுவாங்க. ஆனா ரோட்டுல ஒண்ணு நடந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல கேட்கிறது இதைத்தான்.

பாய் கடைசியா ஒண்ணு சொன்னாரு: "துரு தகட்டை வெட்டி எடுத்துட்டு புதுசா பத்த வெச்சுத் தரேன். வண்டி இன்னும் நல்லா ஓடும். ஆனா எதையும் இழுக்காது."

இதை மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சேன். ஒளிக்காம அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "டிக்கியில எவ்வளவு கொள்ளும்?"னு கேட்டாரு.

டிக்கியிலயும் பின்சீட்டுலயுமா 25 கிலோ பையில எட்டு. 200 கிலோ. ரெண்டு மூணு ஆள் உட்கார்ந்து போற பாரம்தான். இப்போ மாசம் ரெண்டு நடை. பெட்ரோல் செலவு குட்டியானை வாடகையை விடக் கொஞ்சம்தான் கம்மி, பெரிய லாபம்னு சொல்ல முடியாது. ஆனா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை புதுசா அரைச்ச அரிசி போறதால வண்டு புகார் நின்னுடுச்சு. அடையாறு நடைக்கு மாமா முன்சீட்டுல ஏறிக்கிறாரு, எந்தத் தெருவுல திரும்பணும்னு அவருதான் சொல்வாரு. மச்சான் எடைக்குப் போடற பேச்சை இப்போதைக்கு எடுக்கிறதில்ல.

பழைய காருக்குக் கொக்கி மாட்டலாம்னு நினைக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். கொக்கி என்ன விலைன்னு விசாரிக்கிறதுக்கு முன்னாடி வண்டியைத் தூக்கி, அடித்தகட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க.