பட்டறைச் சாவி

எங்கள் வீட்டின் பின்வளவில் தகரம் அடித்த கொட்டில் ஒன்று இருக்கிறது. அதுதான் வாப்பாவின் தச்சுப் பட்டறை. வட்டவாள் மேசை, இழைக்கும் மெஷின், கிரைண்டர் எல்லாம் குசினியிலிருந்து பத்தடி தூரத்தில் நிற்கும். அதற்குக் கதவு கிடையாது. "உள்ளுக்குப் போகப்படாது" என்ற வாப்பாவின் சொல்தான் கதவு.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஒருநாள் வாப்பாவும் சாச்சாவும் வேலையை நிறுத்திவிட்டு அஸர் தொழப் போயிருந்த நேரம், பென்சிலால் அளவு போட்ட பலகைத் துண்டொன்றுடன் நான் பட்டறைக்குள் போனேன். எனக்குப் புத்தகத் தட்டு ஒன்று செய்ய ஆசை. கரண்ட் இல்லை, ஓடாது என்ற தைரியத்தில் பலகையை வாளோடு சேர்த்து வைத்து, சுவிட்சை மேலும் கீழும் தட்டி விளையாடினேன். உம்மா கூப்பிட்டார், ஓடிவிட்டேன். கடைசியாக அதை எந்தப் பக்கம் விட்டேன் என்று பார்க்கவில்லை.

இரவு, "கரண்ட் வந்திட்டு!" என்று தம்பி கத்திய அதே நொடியில் பின்வளவில் வாள் அலறியது. இருட்டுக்குள் அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் பலகை பறந்துபோய்த் தகரத்தை நசுக்கியிருந்தது. வாப்பா நேரே சாச்சாவிடம்தான் திரும்பினார்.

"சுவிட்ச நிப்பாட்டாமலா வந்தாய்?"

சாச்சா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "மறந்திருப்பன் காக்கா" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் சாச்சா கட்டாருக்குப் போய்விட்டார்.

போன டிசம்பர் விடுமுறையில், பத்து வயதுத் தம்பி கிரைண்டரில் ஆணி தீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கண்ணுக்குக் கண்ணாடிகூட இல்லை. வாப்பா பிளக்கைக் கழற்றி வைப்பார்தான், ஆனால் கழற்றிய பிளக்கைத் திரும்பச் செருக எந்தப் பிள்ளைக்கும் தெரியும். "வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்றார் உம்மா. அது 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தால் அணைந்துவிடும். ஆனால் வாளில் விரல் பட்டால் அதற்குத் தெரியாது. வாளுக்கு மரமும் விரலும் ஒன்றுதான்.

பௌதிகவியலில் மின்காந்தம் படித்த துணிவில் வாப்பாவிடம் பேசினேன். காந்த ஸ்டார்ட்டர் போட்டால், கரண்ட் போனதும் சுருளின் காந்தம் விட்டு இணைப்பு பிரிந்துவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் மெஷின் ஓடாது. ஆனால் பச்சைப் பொத்தானைத் தம்பியும் அழுத்துவானே! அதனால் பட்டறைக்குப் போகும் லைனுக்குப் பூட்டுப் போடக்கூடிய ஐசலேட்டர் ஒன்றும் வேண்டும். விளக்குக்கு வேறு லைன். இல்லாவிட்டால் விளக்குப் போடுவதற்காகவே பூட்டைத் திறந்து வைப்பார்கள்.

வாப்பா தலையாட்டினார். "சரிதான் மகள். பெரிய ஆக்களே மறக்கிறாங்க. அண்டைக்கு உங்கட சாச்சா மறந்தமாதிரி."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

வாப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். போனை எடுத்து என் கையில் தந்தார். "எனக்கில்ல, அவனுக்குச் சொல்லு."

அழுதுகொண்டே வொயிஸ் அனுப்பினேன். சாச்சாவின் பதில் இரவுதான் வந்தது. "எனக்கு அண்டைக்கே தெரியும் மகள். பலகையில உங்கட கையெழுத்து இருந்திச்சே. காக்கா காண முந்தி நான்தான் எடுத்து அடுப்புக்குள்ள போட்டன்."

இப்போது ஐசலேட்டரில் பூட்டு தொங்குகிறது. அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று வாப்பாவின் இடுப்பில். வாப்பா பக்கத்தில் நிற்கும்போது மட்டும் மெஷினைத் தொடுவது என்ற உடன்பாட்டில் மற்றது என்னிடம். எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன். தம்பியும் இந்த மலரை வாசிப்பான்.