முகமூடிக்குள் இரண்டு கண்கள்

நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூர் போனால் ஒரு சண்டையைப் பார்க்கலாம். சண்டை என்று சொல்லலாமா தெரியவில்லை. இரணியன் மேடையில் சாவதில்லை. வரதராஜப் பெருமாள் கோயில் முன் பாகவத மேளாவின் பிரகலாத சரித்திரம் ராத்திரி முழுக்க நடக்கும். மெலட்டூர் வெங்கட்ராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகம், எல்லா வேஷமும் ஆண்களே. கடைசியில் தூணிலிருந்து நரசிம்மர் வருவார்.

அந்த முகமூடி கோயிலில் பூஜையில் இருப்பது, அணிபவர் விரதம் இருப்பார் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் கண் போவது அவரைப் பிடித்துக்கொள்பவர்கள் மேல். ஆவேசம் வந்துவிடும், அதனால் பிடிக்கிறார்கள் என்பார்கள். இருக்கட்டும். அத்தனை பெரிய முகத்தை மாட்டிக்கொண்டவருக்குத் தன் காலடி தெரியாது என்பதும் ஒரு காரணமாகப் போதும் எனக்கு.

ஜெர்மனியில் இருக்கும் அக்கா மகன், வாரக் கடைசியில் இரும்புக் கவசம் போட்டுப் பழைய காலத்துப் போர் ஆடும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். கத்தி மழுங்கல்தான், வீச்சு நிஜம். ஹெல்மெட் வாங்கும் முன் போன் பண்ணினான். சின்ன வயதில் நான் சிலம்பம் சுற்றியதுதான் என் தகுதி.

"வைசர்ல கண்ணுக்கான பிளவு அகலமா இருந்தா நல்லாத் தெரியுது மாமா, ஆனா கத்தி முனை உள்ள வந்துடும். குறுக்கினா எதிராளியோட கை தெரியல."

"தகடு கண்ணுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்கு?"

கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிற விஷயம்தான் இது. கண் நெருங்க நெருங்க உலகம் விரியும். ஆனால் தகடு மூக்கைத் தொட்டால் அடி நேரே எலும்புக்குப் போகும். உள்ளே பஞ்சு மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், இல்லாவிட்டால் பிளவு நெற்றிக்கு நகர்ந்து குருடாகிவிடுவோம். தாடைப் பட்டையும், வைசர் தானாகத் தூக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு கொக்கியும் அவசியம். பிளவு எதுவானாலும், எதிராளி கையிலுள்ள மிக மெல்லிய முனை அதில் நுழையக் கூடாது.

1559இல் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ஹென்றி விளையாட்டுச் சண்டையில் செத்தது இப்படித்தான். எதிராளியின் ஈட்டி முறிந்து, சிலாம்பு வைசர் வழியே உள்ளே போனது. பத்து நாள் கிடந்து இறந்தான். 1982இல் ரோம் நகரில் வாள்வீச்சு உலகப் போட்டியில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவுக்கும் அதே கதி. முறிந்த கத்தி முகக் கம்பிவலையைத் துளைத்தது. வலையின் வலிமை, கத்தியின் எஃகு எல்லாவற்றுக்கும் விதிகள் அதற்கப்புறம் கடுமையாயின.

நம் பக்கத்துப் பழைய தலைக்கவசங்களில் பெரும்பாலும் வைசரே கிடையாது. மூக்குக்கு மேல் ஏற்றி இறக்கும் ஒரு பட்டை, பக்கங்களில் தொங்கும் இரும்பு வலை, அவ்வளவுதான். மே மாதத்து டெல்டா வெயிலை அனுபவித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மூடிய இரும்புக்குள் மூச்சே வியர்வையாகும், கண்ணாடி போட்டவனுக்கு அதுவும் மங்கும்.

"அது தெரியும் மாமா. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்துவாங்க. வைசர கழட்டாம மேல தூக்கி மூச்சு வாங்கிக்கலாம். ஆனா சண்டைய நிறுத்துற ஆள் சொல்ற வரைக்கும் யாரும் தூக்கக் கூடாது."

"அந்த ஆள் எங்க நிப்பாரு?"

"எங்களுக்குப் பக்கத்துலயே. கையில நீளக் கம்பு. யாராவது தடுமாறினா பின்னாலேருந்து பிடிச்சுக்குவாரு."