தம்பியின் பைபர் படகு

நம் வயதுக்காரர்களுக்குக் கட்டுமரம் மறந்திருக்காது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். தண்ணீர் குடித்து உழைப்பு முடிந்த மரம் அடுப்புக்குப் போகும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் நாகப்பட்டினம் கரைக்கு நிவாரணமாகப் பைபர் படகுகள் ஏராளமாக வந்தன. மரம்போல இது உளுக்காது, செல்லரிக்காது என்ற பேச்சு அப்போது பெரிதாக இருந்தது. அப்படி வந்த ஒன்றுதான் என் தம்பியின் படகு. நான் வங்கியில் கணக்கு எழுதப் போனேன், அவன் கடலோடு இருந்தான்.

தம்பி காலமான பிறகு எட்டு மாதம் படகு கரையிலேயே கிடந்தது. அதை விற்று துபாய் போவதற்குப் பணம் புரட்ட வேண்டும் என்பது அவன் மகனின் எண்ணம். விலை பேச வந்தவர் படகின் பக்கவாட்டைக் கையால் தடவினார். உள்ளங்கையில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி ஒட்டியது. “உடம்பு செத்துப்போச்சு தம்பி. என்ஜினுக்கு மட்டும்தான் காசு” என்றார். தம்பியின் சம்சாரம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டது. எனக்கு அது போதும். “பத்து நாள் பொறுத்துக்கோப்பா, ஒரு ஆளை வச்சுப் பார்த்துடுவோம்” என்று பையனிடம் சொன்னேன்.

அக்கரைப்பேட்டையிலிருந்து பைபர் வேலை தெரிந்த ஒருவர் வந்தார். முதலில் அவர் கையில் எடுத்தது ஒரு ரூபாய் நாணயம். அணியத்திலிருந்து தொடங்கி, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். உறுதியான இடம் ‘டண்’ என்றது. அடியில் இரண்டு இடம் மட்டும் ‘டப்’ என்று மந்தமாக ஒலித்தது. அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார். “சார், மத்த இடமெல்லாம் உசிரோடதான் இருக்கு. மேல் தோல்தான் வெளுத்திருக்கு” என்றார்.

தோல் என்று அவர் சொன்னது ஜெல் கோட்டை. பைபர் படகு என்பது கண்ணாடி நூல் விரிப்பும் ரெசினும் சேர்ந்து இறுகிய ஓடு. அதன்மேல் நிறம் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். பளபளப்பு அதன் அழகு, கடல் நீரை உள்ளே விடாமல் காப்பது அதன் வேலை. வெயில் அதை வறட்டிப் பொடியாக்குகிறது. மணலில் இழுப்பதால் அடிப்பாகம் தேய்கிறது. பூச்சு போன இடத்தில் தண்ணீர் மெல்ல ஏறும், படகு கனக்கும், நாளாவட்டத்தில் ஒட்டு விட்டுப்போகும்.

மாசி மாதம், மழை இல்லை. நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி நான்கு நாள் காயவிட்டோம். டீசல் பிசுக்கை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தோம். பிசுக்கோடு தேய்த்தால் கீறலுக்குள் எண்ணெய் இறங்கிவிடுமாம், பிறகு எதுவும் ஒட்டாது.

வட்டம் போட்ட இரண்டு இடங்களையும் உறுதியான பகுதி தெரியும்வரை அரைத்து எடுத்தார். முகத்துக்குத் துணி, முழுக்கை சட்டை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. கண்ணாடித் தூள் தோலில் பட்டால் அரிப்பு, மூச்சில் போனால் கெடுதல். பிறகு ரெசினில் ஆக்சிலரேட்டரைக் கலக்கி, கடைசியில்தான் கேட்டலிஸ்டை அளந்து ஊற்றினார். கிலோவுக்குப் பத்து முதல் இருபது மில்லி. அந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும் என்று பையனிடம் இரண்டு முறை சொன்னார். விரிப்பு வைத்து, ரெசின் ஊற வைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டினார். இறுகியதும் ஜெல் கோட் பூசி, பாலித்தீன் தாளால் மூடினார். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

மீதி இடங்களுக்குக் கைவேலைதான். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் 400, அடுத்து 600, 800, கடைசியில் 1000. ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழிக்கிறது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அசலிலிருந்து எடுக்கிறோம். அரை மில்லிமீட்டர் இருப்பில் எத்தனை முறை எடுக்க முடியும்? அதனால் வெண்மை போனதும் நிறுத்தச் சொன்னார். பிறகு காம்பவுண்ட் போட்டு மெருகேற்றி, மெழுகு பூசினோம்.

மூன்றாம் நாள் பையனும் சட்டையைக் கழற்றாமல் என்னோடு உட்கார்ந்து தேய்த்தான். வெளுப்பு விலக விலக, நீல நிறம் தெரிய ஆரம்பித்தது. “பெரியப்பா, அப்பா வாங்கினப்போ இதே கலர்தானே?” என்று கேட்டான். தம்பி போனபின் அவனாக அப்பாவைப் பற்றிப் பேசியது அன்றுதான். இருட்டும்வரை பேசினான்.

இப்போது படகு பங்குக்குக் கடலுக்குப் போகிறது. படகுப் பங்கு தம்பி சம்சாரத்தின் கைக்கு வருகிறது. துபாய்ப் பேச்சு இன்னும் முடியவில்லை. அது அவன் வாழ்க்கை, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் போனாலும் படகை விற்றுவிட்டுப் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

வேலைக்காரர் போகும்போது சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். கடலுக்குப் போகாத நாளில் படகின் மேல் ஒரு கீற்றுப் பந்தல் போடுங்கள், அதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது. வருஷம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி மெழுகு பூசுங்கள். வெளுத்துக் கிடக்கும் படகுக்கு விலை பேசும் முன், ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிப் பாருங்கள்.