வாடிவாசலில் நொடிக்கு 30 படம்: அலங்காநல்லூருக்கு வந்த புது கேமரா

மதுரையிலிருந்து வடக்கே 15 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது அலங்காநல்லூர். ஆனால், தை 3-ம் தேதி அதிகாலையில் அங்கே போக நினைப்பவர்கள் அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். மீதி தூரம் நடைதான். பனி விலகாத சாலையோரம் இரவெல்லாம் காத்திருந்த காளைகள் வரிசையாக நிற்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கயிறும் ஒரு கையில் டீயுமாக மாட்டுக்காரர்கள். அந்த வரிசையைத் தாண்டித்தான் தோளில் கனத்த பையோடு போட்டோகிராபர்களும் போகிறார்கள்.

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். இந்த மூன்று நாள்தான் தமிழ்நாட்டு விளையாட்டுப் புகைப்படக்காரர்களுக்கு உண்மையான பரீட்சை. கிரிக்கெட்டில் பந்து எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இங்கே வாடிவாசலிலிருந்து வெளியே வரும் காளை இடது பக்கம் திரும்புமா, நேராக ஓடுமா, நின்று விளையாடுமா என்பது அதை வளர்த்தவருக்கே சில சமயம் தெரியாது.

பத்திரிகையாளர்களுக்கு என்று தனி மேடை உண்டு. இடம் குறைவு, ஆட்கள் அதிகம். விடியும் முன்பே போனால் முன்வரிசை கிடைக்கும். கீழே தென்னை நார் பரப்பிய களம், இரண்டு பக்கமும் தடுப்பு வேலி, வேலியை ஒட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறத்தில் சீருடை போட்ட மாடுபிடி வீரர்கள். முதலில் கோயில் காளை வரும். அதை யாரும் பிடிப்பதில்லை. அடுத்த காளையிலிருந்து ஆட்டம் ஆரம்பம்.

கடந்த சில ஆண்டுகளில் இந்த மேடையில் ஒரு மாற்றம். கண்ணாடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராக்கள் குறைந்து, மிரர்லெஸ் கேமராக்கள் வந்திருக்கின்றன. பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் அது மேலே எழும்பி இறங்கும். அது எழும்பும் நேரத்தில், எடுப்பவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதாவது, முக்கியமான அந்தத் துளி நேரத்தை அவர் பார்த்திருக்கவே மாட்டார். மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது. சென்சார் பார்ப்பதை ஒரு குட்டித் திரை காட்டிக்கொண்டே இருக்கும். விலை உயர்ந்த மாடல்களில் படம் எடுக்கும்போதும் காட்சி அறுபடாது.

நிக்கான் இசட்9 2021-ல் அறிமுகமானபோது, அதில் மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். முழு அளவு ஜேபெக் படங்கள் நொடிக்கு 30. சோனி 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 மார்க் 3 நொடிக்கு 120 படம் எடுக்கும். கேனான் ஆர்1 வந்தது 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சற்று முன்னால். அதன் வேகம் நொடிக்கு 40. கேமராவின் உடல் மட்டுமே ஐந்து லட்சம் ரூபாயைத் தொடும் அல்லது தாண்டும். லென்ஸ் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

வாடிவாசலுக்கு இந்த வேகத்தைவிட உதவியாக இருப்பது இன்னொரு வசதி. பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், கேமரா சத்தமில்லாமல் படங்களைத் தற்காலிக நினைவில் சேர்த்துக்கொண்டே இருக்கும். முழுதாக அழுத்தும்போது, அதற்கு அரை நொடி முன்பிருந்து, சில மாடல்களில் ஒரு நொடி முன்பிருந்தே நடந்ததும் சேர்ந்து பதிவாகிவிடும். கண் பார்த்து, விரல் அழுத்த மனிதனுக்குச் சுமார் கால் நொடி ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் காளை, அந்தக் கால் நொடியில் 2 மீட்டருக்கு மேல் வந்துவிடும். காளையின் முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில் இருக்கும் படம் முன்பெல்லாம் பத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். இப்போது தவறவிடுவதுதான் கடினம்.

ஆனால், இந்த கேமராக்களை உருவாக்கியவர்கள் ஜல்லிக்கட்டை மனதில் வைத்து உருவாக்கவில்லை.

எதை ஃபோகஸ் செய்ய வேண்டும் என்பதை கேமராவே கண்டுபிடிக்கும் வசதி இதில் இருக்கிறது. மனிதர், நாய், பூனை, பறவை, கார், ரயில், விமானம் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கேனான் குதிரையையும் சேர்த்தது. ஆர்1-ல் ஆட்டத்தின் போக்கைப் புரிந்துகொண்டு முக்கியமான வீரரைத் தேடும் வசதிகூட உண்டு. அது வந்தது கால்பந்து, கூடைப்பந்து, வாலிபால் மூன்றுக்கு. திமிலும் கொம்பும் உள்ள நம் காளை அந்தப் பட்டியலில் இல்லை. மனிதரைத் தேடச் சொன்னால் வேலியோரம் நிற்கும் நாற்பது முகத்துக்கும் தாவும். விலங்கைத் தேடச் சொன்னால் காளையின் கண்ணைச் சரியாகப் பிடிக்கும், திமிலில் ஒருவர் விழுந்து மறைத்ததும் திணறும். அதனால் இங்கே அனுபவசாலிகள் பலர், அந்த அறிவாளித்தனத்தை அணைத்துவிட்டு, நடுவில் ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். காளையை அந்தக் கட்டத்துக்குள் வைத்திருப்பது அவர்கள் பொறுப்பு.

விலை குறைந்த மிரர்லெஸ்ஸை வாங்கி வருபவர்களுக்கு வேறு சிக்கல். எலெக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். அதற்குள் காளை தலையைச் சிலுப்பிவிட்டால் கொம்பு கோணலாக விழும். நேர்கொம்புக் காளையை வளைகொம்பாகக் காட்டினால் மாட்டுக்காரர் சும்மா விடமாட்டார். சோனியின் அந்த மாடலில் எல்லா வரியும் ஒரே கணத்தில் பதிவாவதால் இந்தக் கோணல் கிடையாது. தூசி எல்லோருக்கும் பொது எதிரி. நார்த்தூள் பறக்கும் களத்தில் லென்ஸை மாற்றுவது தற்கொலைக்குச் சமம் என்பதால், முடிந்தவர்கள் இரண்டு கேமராவோடு வருகிறார்கள். சத்தமே வராத ஷட்டர் என்று விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வார்கள். செஸ் அரங்கில் அது வரம். மைக் செட்டுக்கும் விசில் சத்தத்துக்கும் நடுவே அதை யார் கேட்கப்போகிறார்கள்?

ஒரே நொடி, மூன்று கதை

பக்கத்து ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் இப்படி ஒரு கேமராவைத் தவணையில் எடுத்திருக்கிறார். தவணையைக் கட்டுவது கல்யாண ஆர்டர்கள். ஜல்லிக்கட்டு அவருடைய ஆசை. பொங்கலுக்குப் பொங்கல் மேடைக்கு வந்துவிடுவார். மாட்டுக்காரர்களும் வீரர்களும் அவரிடம் படம் கேட்டு வருவார்கள்.

நொடிக்கு 30 என்ற வேகத்தில் அவர் எடுத்த ஒரு வரிசையை லேப்டாப்பில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம். 6-வது படத்தில் காளை தனியாக, அந்தரத்தில், யாரும் தொடாமல் பாய்கிறது. 14-வதில் மஞ்சள் சீருடை வீரர் ஒருவர் திமிலை இரண்டு கையாலும் அணைத்திருக்கிறார். 22-வதில் அதே வீரர் திமிலில், இன்னொருவர் வாலில். வாலைப் பிடிப்பது விதிமீறல். 6-க்கும் 22-க்கும் நடுவே அரை நொடியைவிடச் சற்றுதான் அதிகம்.

பழைய கேமராவில் இந்த அரை நொடிக்கு ஏழெட்டுப் படம் விழும். அதில் தெளிவாக இருப்பது ஒன்றிரண்டு. அதைத்தான் கொடுக்க முடியும், அதைத்தான் வாங்கிக்கொள்ளவும் முடியும். மாட்டுக்காரர் வந்து, "தம்பி, அந்தக் கைய மட்டும் அழிச்சுக் குடுத்துருங்க" என்று கெஞ்சினால், முடியாது என்று சொல்லிவிடுவார் அவர். இப்போது எதையும் அழிக்கத் தேவையில்லை. கை விழுவதற்கு முந்தைய படம் கார்டிலேயே இருக்கிறது. எதுவும் பொய் இல்லை, எல்லாமே கேமரா பார்த்ததுதான். எந்தப் படத்தை எடுத்துக் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த வழக்கில், விலங்கு நல வாரியம் கொடுத்த அறிக்கைகளோடு புகைப்படங்களும் இருந்தன. 2017 ஜனவரியில் மெரினாவும் அலங்காநல்லூரும் கொதித்ததும், சட்டம் திருத்தப்பட்டதும், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு தரப்புக்கு 6-வது படம் வீரம், இன்னொரு தரப்புக்கு 22-வது படம் வதை. இரண்டும் ஒரே காளை, ஒரே மூச்சு.

எடுப்பவருக்கு உடம்பு வலியும் மாறியிருக்கிறது. முன்பு தோள் வலித்தது, இப்போது கண். ஒரு காளைக்குப் பத்து நொடி அழுத்தினால் 300 படம். ஒரு நாளில் சில நூறு காளைகள் அவிழ்க்கப்படும் ஊரில், எல்லாவற்றையும் அப்படி எடுத்தால் லட்சம் தாண்டிவிடும். நாளிதழ்க்காரர்களுக்கு ஐந்து நிமிடத்தில் ஒரு படம் அலுவலகம் போய்ச் சேர வேண்டும். அந்த அவசரத்தில் கண்ணைப் பறிப்பதுதான் முதலில் போகும். நின்று யோசிக்க நேரம் இருப்பவர்கள் ஸ்டூடியோக்காரர்கள் மட்டும்தான்.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளோடு போவதாக இருந்தால் வாடிவாசல் கூட்டம் சரிப்படாது. அருகே கீழக்கரையில் 2024 ஜனவரி 24-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கில் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்துப் போகலாம். உட்கார்ந்து பார்க்க இடம் உண்டு. படம் எடுக்க அங்கே வெளிச்சமும் கோணமும் வசதி என்பார்கள். ஆனாலும் ஊருக்குள் இருக்கும் அந்தக் குறுகிய வாடிவாசலின் நெருக்கம் அங்கே வராது.

மாலை ஆட்டம் முடிந்ததும் ஸ்டூடியோக்காரர், காளைகளைத் திரும்பப் பிடித்துக் கட்டும் இடத்துக்கு நடந்தார். "விழுந்துச்சாப்பா?" என்று மாட்டுக்காரர் கேட்க, "விழுந்துருச்சுண்ணே" என்று போனை நீட்டினார். 6-வது படம் அவருக்குப் போனது. சற்று நேரத்தில் மஞ்சள் சீருடைக்காரர் தேடி வந்தார். 14-வது அவருக்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஃபிளெக்ஸ் அடிக்க டாக்குமென்ட்டாக அனுப்புகிறேன் என்று இருவரிடமும் சொல்லிவைத்தார். அன்று இரவே இரண்டு பேருடைய ஸ்டேட்டஸிலும் அதே காளை. ஒன்றில் பிடிபடாத காளை, மற்றொன்றில் பிடிபட்ட காளை.

22-வது படத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. அது ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.